நாடக விழா உங்கள் ஊருக்கு வரும்போது இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2018-ல் தியேட்டர் ஒலிம்பிக்ஸ் என்ற சர்வதேச நாடக விழா இந்தியாவுக்கு வந்தது. பிப்ரவரி 17 அன்று டெல்லி செங்கோட்டையில் தொடங்கி ஏப்ரல் 8 வரை 51 நாட்கள், 17 ஊர்கள், அதில் சென்னையும் ஒன்று. 1995-ல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் முதல்முறை நடந்து, அப்புறம் ஷிசுவோகா, மாஸ்கோ, இஸ்தான்புல், சியோல் என்று முறைக்கு ஓர் ஊராகச் சுற்றிவந்த விழா அது. அப்படிப்பட்ட விழா நம் வாசல்வரை வந்து போன பிறகு "அப்படியா, எப்போது நடந்தது?" என்று கேட்டவர்கள் என் நண்பர்களிலேயே பலர். நாடகம் என்றால் உயிரை விடுகிறவர்கள்கூட அதில் உண்டு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. தேசிய நாடகப் பள்ளி 1999-ல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ் நாடக விழாவும் டெல்லியைத் தாண்டி ஊர் ஊராகப் போகிறது, 2025-ல் கொழும்புக்கும் காத்மாண்டுவுக்கும்கூடப் போனது. அடுத்த விழா உங்கள் ஊருக்கு வரலாம். அதற்கு முன்னால், அரங்குகளில் நான் பார்த்த தவறுகளையும் நானே செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது. சினிமா என்றால் விடலாம். ஊர் சுற்றி வருகிற விழாவில் ஒரு குழுவுக்கு ஓர் ஊரில் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சிதான் கிடைக்கும். முந்தின நாள் ராத்திரியோ அன்று காலையோ அரங்கம் அவர்கள் கைக்கு வரும், அதற்குள் செட் போட்டு, விளக்குகளை மாட்டி, எந்த வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒத்திகையும் பார்த்து, சாயங்காலம் ஆடி முடித்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் மறுநாள் அதே மேடை வேறொரு குழுவுக்கு வேண்டும். ஒருமுறை ஆபீஸ் வேலை நீண்டுவிட்டது என்று ஒரு கொரிய நாடகத்தை விட்டுவிட்டு மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். மேடையில் வேறு குழு, வேறு நாடகம். அதை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தகவலுக்காகக் காத்திருப்பது. புது ஊரில் விழாவுக்கு என்று பழகிய கூட்டம் இருக்காது, போஸ்டர் கண்ணில் படாது, நிகழ்ச்சி நிரல் கடைசி நேரத்தில் வரும், வந்த பிறகும் மாறும். விழா நடத்துகிறவர்களின் தளத்தை நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும், பத்திரிகையில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியையும் விடாதீர்கள். நுழைவு இலவசம் என்று இருந்தால் "சுமாராகத்தான் இருக்கும்" என்று நினைக்காதீர்கள், அரசுப் பணத்தில் நடக்கிற விழாக்கள் பல அப்படித்தான். அதேபோல ஐந்து பாஸ் வாங்கிவைத்துக்கொண்டு இரண்டு பேர் போவதும் வேண்டாம், அந்த மூன்று நாற்காலிக்காக வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் இருப்பார்கள்.

சரி, மொழிக்கு வருவோம். "மணிப்பூரியா, போலிஷ் மொழியா, நமக்கு என்ன புரியப்போகிறது?" என்று ஒதுக்கிவிடுகிறோம். மணிப்பூர் நாடக இயக்குநர் ஹைஸ்னம் கன்ஹைலால் 1975-ல் உருவாக்கிய 'பெபெட்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குருவி, அதன் குஞ்சுகள், சாமியார் வேஷம் போட்டு அவற்றைத் தின்னவரும் பூனை. பாட்டி சொல்லும் கதை மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு சமூகத்தின் பண்பாட்டை இன்னொன்று எப்படி மெல்ல விழுங்குகிறது என்பதுதான் உள்ளே இருக்கிற விஷயம். அதில் வசனம் மிகக் குறைவு. தாயாக நடித்த சாபித்ரியின் குரலும் முதுகும் கழுத்தும் சொல்வதைப் புரிந்துகொள்ள மணிப்பூரி தெரிய வேண்டியதில்லை. நம் தெருக்கூத்தில் மட்டும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் நம் காதில் விழுகிறதா என்ன? பாதி மத்தளத்தோடு போய்விடும். துச்சாதனன் வந்து நின்றதும் கூட்டம் ஏன் நிமிர்ந்து உட்காருகிறது என்றால், கதை முன்னமே தெரியும்.

ஆகவே கதையைத் தெரிந்துகொள்ளாமல் போவதும் தவறுதான். "சஸ்பென்ஸ் போய்விடும்" என்று சிலர் எதையும் படிக்காமல் வருவார்கள். பழங்காலக் கிரேக்கத்தில் ஈடிபஸ் என்ற அரசனின் கதையைப் பார்க்க வந்தவர்களுக்கும் அவன் யாரைக் கொன்றான், யாரை மணந்தான் என்று வீட்டிலேயே தெரியும், நமக்குத் திரௌபதி கதை தெரிகிற மாதிரி. கையேட்டில் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கும், பத்து நிமிடம் முன்னால் போய்ப் படித்துவிடுங்கள். இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் படிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தொந்தரவு இல்லை, மேடையில் நிற்பவருக்கும் உங்கள் முகம் பளிச்சென்று தெரியும். வீடியோ எடுப்பதும் இதே கணக்குதான்.

உட்காரும் இடம். முன்வரிசைக்குத் துண்டு போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. மொழிபெயர்ப்பு வரிகள் ஓடுகிற திரை மேடைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும், முதல் வரிசையில் உட்கார்ந்தால் அண்ணாந்து படிப்பதா, நடிகரைப் பார்ப்பதா என்று கழுத்து வலிதான் மிஞ்சும். நடுவிலிருந்து சற்றுப் பின்னால், மையமாக உட்காருங்கள், அங்கே இருந்தால் இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கும். அந்த வரிகள் நம் நாட்டு விழாக்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். எல்லாவற்றையும் படித்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள், நாலு வரி தப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வசனமே இல்லாத, உடலை நம்பிய நாடகம் என்றால் மட்டும் கிட்டே போய் உட்காருங்கள். மூச்சு வாங்குவது கேட்கும்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சபா பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போய் வருகிற சுதந்திரம் கச்சேரியில் இருக்கிறது, நாடகத்தில் இல்லை. அதிலும் பிளாக் பாக்ஸ் என்கிற, கறுப்புச் சுவர்கள் கொண்ட சிறிய அறை போன்ற அரங்கு என்றால் கதவைத் திறந்தால் மேடை, நீங்கள் நடந்துபோவது நடிகரின் காலடியில்தான். தொடங்கிய பிறகு உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள். அரை மணி நேரம் முன்னால் கிளம்பினால் இது எதுவும் இல்லை.

நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, இடைவேளையே இல்லாமல் இரண்டு மணி நேரம் போவதும் உண்டு. தியேட்டர் ஒலிம்பிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமெரிக்க இயக்குநர் ராபர்ட் வில்சனின் 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' என்ற இசை நாடகம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது, வேண்டும்போது வெளியே போய் வரலாம் என்பது அதன் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது விதிவிலக்கு. டிபனை முடித்துவிட்டுப் போங்கள். குழந்தைகளை அழைத்துப் போவதாக இருந்தால் எந்த வயதுக்கு ஏற்றது என்று விசாரிக்காமல் போகாதீர்கள். திடீர் வெடிச்சத்தம், கண்ணைப் பறிக்கும் விளக்கு, வன்முறை எல்லாம் முன்னறிவிப்பில்லாமல் வரலாம்.

வெளிநாட்டு நாடகங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்ப்பது எனக்கு மனவருத்தம் தருகிற தவறு. "கூத்துதானே, ஊரில் பார்த்தது" என்று எழுந்து போகிறார்கள். பாரிஸில் அரியன் முனுஷ்கின் நடத்துகிற தியாத்ர து சொலெய் குழு 2016-ல் தன் நாடகத்துக்காகத் தெருக்கூத்தைக் கற்றுக்கொண்டது, கற்றுத்தந்தவர் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். அவர்கள் கடல் தாண்டி வந்து படித்ததை நாம் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தவறவிடுகிறோம். விடிய விடிய நடக்கும் கூத்தை விழா மேடையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்குவார்கள், எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று கவனிப்பதே தனிப் பாடம்.

ஒரே நாளில் மூன்று, நான்கு என்று அடுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். திருச்சூரில் நடக்கும் கேரள சர்வதேச நாடக விழாவுக்குக் கோவையிலிருந்து ரயிலேறிப் போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், மூன்றாவது நாடகத்தில் கண் சொக்கிவிடும், மறுநாள் எது எந்த நாடகம் என்றே குழம்பிப்போகும். இரண்டு போதும். நடுவில் இருக்கும் நேரத்தில் இயக்குநரோடு உரையாடல் வைத்திருந்தால் அதற்குப் போங்கள், போய்க் கேள்வியைக் கேளுங்கள், பத்து நிமிடச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள்.

கடைசியாக, கைதட்டல் ஓய்வதற்குள் வண்டியை எடுக்க ஓடாதீர்கள். எங்கேயோ இருந்து வந்து ஒரே ஒரு ராத்திரி நமக்காக ஆடியவர்கள், மூன்றாவது முறை வணங்க வரும்போது பாதி நாற்காலி காலியாக இருந்தால் எப்படி இருக்கும்? வெளியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வேஷம் கலைத்து, காதோரம் பவுடர் ஒட்டியிருக்க, டீ குடிக்க வருவார்கள். எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது என்று கையைக் காட்டி, நடித்துக்காட்டியாவது சொல்லுங்கள், அவர்களுக்கும் தமிழ் தெரியாது.