அமெரிக்காவில் வில் வேட்டைக்குக் கிளம்பும் புதியவர்களுக்கு: முனையைத் தீட்டிவிட்டுப் போங்கள்

ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். இங்கே உரிமம் இருந்தால் சீசனில் சட்டப்படியே வேட்டையாடலாம். மாநில இணையதளத்தைப் பார்த்து வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடியுங்கள். நியூயார்க் மாதிரி சில மாநிலங்களில் வில்லுக்கென்று தனி வகுப்பும் உண்டு. அப்புறம் உரிமம், மான் டேக் (அடித்த மானில் கட்டவேண்டிய அனுமதிச் சீட்டு). விதிப்புத்தகத்தில் அம்புமுனை பற்றிய பத்தியை விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், இரண்டு வெட்டு விளிம்பாவது வேண்டும். பின்பக்கம் கொக்கிபோல வளைந்த முனைக்குப் பல இடங்களில் தடை.

பிராட்ஹெட், அதாவது பிளேடு வைத்த வேட்டை அம்புமுனை, வாங்கும்போது எடையைப் பாருங்கள். முனையின் எடையை கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள்; 100 கிரெயின் முனையில் பழகியிருந்தால் வேட்டைக்கும் 100 கிரெயின்தான். பட்டதும் விரியும் முனை நேராகப் பறக்கும், ஆனால் விரிவதற்கே அம்பின் வேகத்தில் கொஞ்சம் செலவாகும். இழுவிசை குறைந்த வில் என்றால் அசையாத பிளேடு உள்ளதையே வாங்குங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் புது முனை வாங்கிய கடையில், "பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே எய்யலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் முறையாக ஃபோம் இலக்கில் எய்து பார்த்தார். குறி சரியாக விழுந்தது. அதே முனையோடு காட்டுக்குப் போனார். ஃபோமில் ஒருமுறை புகுந்தாலே கூர் போய்விடும் என்று அந்தக் கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மான் அடிபட்டு ஓடியது. சொட்டுச் சொட்டாகப் போன ரத்தத் தடம் ஒரு புதரருகே நின்றுவிட்டது. இருட்டும்வரை தேடியும் மான் கிடைக்கவில்லை. அது எங்கே கிடந்து எவ்வளவு நேரம் துடித்ததோ! நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

துப்பாக்கிக் குண்டு தாக்குகிற வேகத்தில் கொல்லும். அம்பு ரத்தநாளத்தை அறுத்துத்தான் கொல்லும். மழுங்கிய பிளேடு நாளத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். அறுத்தாலும் கிழிசலாக இருக்கும், ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும்.

ஆகவே பழகுவதற்கென்று ஒரு முனையைத் தனியாக வையுங்கள். அதன் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் தடவிவிடுங்கள். வேட்டைக்கு வேறு முனை, அதிலும் பிளேடு மாற்றும் வகை என்றால் புது பிளேடு.

தீட்டுவது நம் வீட்டு அரிவாள்மணையைத் தீட்டுகிற அதே வேலைதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். வேகமாகச் சுழலும் மின்சாணையில் வைக்காதீர்கள். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் உறுதி போய்விடும். பிளேடு விளிம்பை நோக்கிச் சரியும் பகுதியின் மேல் மார்க்கரால் கறுப்பாகப் பூசிவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். விளிம்பை ஒட்டிக் கறுப்பு மிச்சமிருந்தால் கல் அங்கே படவில்லை, கோணத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தீட்டி, அதைத் தோல் வாரில் எடுத்துவிடுங்கள். அகலமான மூன்று பிளேடு முனையில் ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்த இரண்டு பிளேடுகளை ஒன்றாகக் கல்லில் படுக்கவைத்தே தீட்டலாம், கோணம் தானாக அமையும்.

பிறகு விளக்கடியில் பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் லேசாக வையுங்கள், அழுத்தாமலே அறுபட வேண்டும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். முனையைத் திருக அதற்கான சாவியையே பயன்படுத்துங்கள்.

தீட்டியதும் துளி எண்ணெய் தடவுங்கள், ஈரத்தில் துரு பிடித்தாலும் கூர் போகும். அம்புக்கூட்டின் ஃபோமில் குத்தி எடுப்பதிலும் மழுங்கும். ஒவ்வொரு முறை காட்டிலிருந்து திரும்பியதும் ரப்பர் பேண்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.