‘லெட்’ பலகையும் ‘சப்லெட்’ அறையும்: லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சிம் கார்டு, வங்கிக் கணக்கு, என்.ஐ. எண் (தேசியக் காப்பீட்டு எண்), ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாம் அரசு இணையதளத்திலேயே விவரமாக இருக்கிறது, பார்த்துச் செய்துகொள்ளுங்கள். விசாவுக்கான ஷேர் கோடை, அதாவது உங்கள் விசா நிலையை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்க நீங்கள் தரும் குறியீட்டை மட்டும் தயாராக வைத்திருங்கள். அதைச் சரிபார்க்காமல் இங்கிலாந்தில் யாரும் வீடு வாடகைக்கு விடக்கூடாது.

ஊரில் ‘டு லெட்’ பலகையைப் பார்த்தால் நேரே போய் காலிங் பெல் அடிப்போம். இங்கே பலகையில் ஏஜென்ட் பெயர்தான் இருக்கும். ‘லெட் அக்ரீட்’ என்று போட்டிருந்தால் யாரோ பேசி முடித்துவிட்டார்கள், கையெழுத்துதான் பாக்கி.

இந்த ‘லெட்’டே ஒரு வேடிக்கையான சொல். பழைய ஆங்கிலத்தில் ‘விடு’ என்பதற்கு ஒன்று, ‘தடு’ என்பதற்கு ஒன்று என இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடரும்போது, என்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று மிரட்டுவது தடுப்பவனைத்தான். 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் அந்தப் பொருள் உண்டு. இன்று தடுக்கிற ‘லெட்’ வழக்கொழிந்த மாதிரிதான், ஆனால் உங்கள் இந்திய பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கும் வேண்டுகோளைப் படியுங்கள்: ‘வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்’, தடையோ இடையூறோ இல்லாமல். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலும் இதே தொடர்தான்.

சரி, என் நண்பனைக் கவிழ்த்தது ‘சப்லெட்’, அதாவது உள்வாடகை. ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை. கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர், முதல் நாளே இட்லி, சாம்பார் என்று ஏக உபசாரம். வாடகை, டெபாசிட் இரண்டையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார், ரசீது இல்லை. அவரே அங்கே வாடகைக்கு இருப்பவர், உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி கிடையாது. உண்மையான ஓனர் கதவைத் தட்டிய அன்றைக்குத்தான் இது தெரிந்தது. அறை போனது, பணம் இன்றுவரை வரவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்களை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் ‘நீங்க ஓனரா, டெனன்ட்டா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொத்து உரிமையைப் பதிவு செய்யும் அரசுத் துறையான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் தளத்தில் சில பவுண்டு கட்டினால் பெரும்பாலான வீடுகளுக்கு உரிமையாளர் பெயர் தெரிந்துவிடும். டெனன்ட் என்றால் ஓனரின் அனுமதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். முழு வீடாக எடுத்தால் 2019 சட்டப்படி டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது, அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். ஆனால் வாடகைக்கு விடுகிறவரும் அதே வீட்டில் உங்களோடு இருந்தால் அந்தத் திட்டம் கட்டாயமில்லை. நண்பன் மாட்டியது அங்கேதான். அப்படிப்பட்ட இடமென்றால் பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், இட்லியை வேண்டுமானால் சாப்பிடுங்கள்.