வால்வ் ஆம்ப் உறுமினால்: முதலில் சுருதி, அப்புறம் ஸ்க்ரூடிரைவர்

வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) இரைகிறது என்று யார் வந்தாலும், அது எந்தச் சுருதியில் இரைகிறது என்றுதான் முதலில் கேட்பேன். கிட்டார் வாசிப்பவருக்கு இதற்கான கருவி கையிலேயே இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் நாடுகளில், ஆறாவது தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டை மீட்டுங்கள். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் உறுமல் கிட்டத்தட்ட அதோடு ஒட்டிப்போனால் 100 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருந்தால் ஐந்தாவது தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டை, அதாவது பி சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஒட்டுவது 120, ஒரு ஸ்தாயி கீழே என்றால் 60.

இந்த ஒரு ஸ்தாயி பாதி வேலையை முடித்துவிடும். ஏசி மின்சாரம், அதை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது அலையின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஆகவே 100 என்றால் கோளாறு ரெக்டிஃபையருக்குப் பின்னால்: டிசியில் மிஞ்சும் அலையை மட்டுப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகியிருக்கலாம், அல்லது ஒன்றுக்கொன்று சமமாக இழுக்காத இரண்டு பவர் வால்வுகள். பவர் வால்வுகள் எதிரெதிராக ஜோடியாக வேலைசெய்யும் புஷ்புல் ஆம்பில் இரண்டு வால்வும் சமமாக இருந்தால் சப்ளையில் மிச்சமிருக்கும் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒன்று தளர்ந்தால் அந்த ரத்து நடக்காது, உறுமல் வெளியே வந்துவிடும். 50 என்றால் ரெக்டிஃபையரைத் தொடாத ஏசி எங்கிருந்தோ சிக்னலில் கலக்கிறது: வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயர், எர்த் லூப் (எர்த் இரண்டு வழிகளில் இணைந்து உண்டாகும் வளையம்), கிட்டாரின் பிக்கப்.

இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. நண்பர் ஒருவரின் ஆம்ப், இரண்டு 6வி6 பவர் வால்வ் கொண்டது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் உறுமியது. பழைய ஆம்ப்தானே என்று எல்லா ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். இரண்டு நாள் வேலை. உறுமல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் தந்தியை மீட்டிக் கேட்டேன்: ஒரு ஸ்தாயி கீழே. ஹீட்டரின் 6.3 வோல்ட் லைனிலிருந்து எர்த்துக்குப் போகும் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று கருகி ஓப்பனாகியிருந்தது. முன்பு எப்போதோ பவர் வால்வ் ஷார்ட் ஆனபோது போயிருக்க வேண்டும். அந்த இரண்டும்தான் ஹீட்டர் லைனை எர்த்துக்குச் சமதூரத்தில் பிடித்து வைப்பவை. ஒன்று போனால் சமநிலை போய்விடும். பவர் வால்வ் எப்போதாவது வெடித்த ஆம்ப் உறுமினால், இப்போது முதலில் அந்த இரண்டைத்தான் அளக்கிறேன்.

சரி, வெளியிலிருந்து தொடங்குவோம். கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து எடுங்கள். பெரும்பாலான ஆம்புகளில் இன்புட் ஜாக் காலியாக இருக்கும்போது தானே எர்த்தாகிவிடும். சத்தம் நின்றால் ஆம்ப் குற்றவாளி இல்லை. கேபிளைத் திரும்ப மாட்டி, கிட்டாரின் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். அதில் நின்றால் கிட்டார்தான்: சிங்கிள் காயில் பிக்கப்போடு நின்ற இடத்திலேயே சுற்றிப் பாருங்கள், ஒரு திசையில் சத்தம் அடங்கும். டிம்மர் விளக்கையும் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். பெடல்கள் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேராக மாட்டுங்கள்.

இரண்டு ஆம்புகளை ஒரே கிட்டாரில் இணைத்தால்தான் உறுமுகிறது என்றால் அது எர்த் லூப். அதற்காக மெயின்ஸ் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உள்ளே ஒரு வயர் சாசியை, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தைத் தொட்டால், அந்த மின்சாரம் கிட்டார் தந்தி வழியாக உங்கள் உடம்புக்கு வரும். சிக்னல் வழியில், எர்த் தொடர்பை வெட்டி சிக்னலை மட்டும் கடத்தும் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதுதான் சரியான வழி.

காலி ஆம்பும் சத்தம் போட்டால் வால்யூமைத் திருப்புங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் கோளாறு அந்த வால்யூமுக்கு முன்னால். மாறவே இல்லையென்றால் பின்னால். எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை ஆம்பின் இடையில் இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) உள்ள ஆம்பில் செண்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். கரகரப்பு அதிலேயே போய்விட்டால், அந்த ஜாக்கின் உள் காண்டாக்ட் துருப்பிடித்திருக்கிறது.

அடுத்து வால்வுகள். ஆம்பை அணைத்து, ஆற விட்டு, இன்புட்டுக்கு மிக அருகிலுள்ள பிரீஆம்ப் வால்வை (சிக்னலை முதலில் பெருக்கும் சிறிய வால்வ்), பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். சத்தம் நிற்காவிட்டால் மறுபடி அணைத்து அடுத்தது. எந்த வால்வைக் கழற்றும்போது நிற்கிறதோ, அந்த இடத்தில் நல்ல வால்வ் ஒன்றைப் போடுங்கள். புதியதிலும் சத்தம் வந்தால் வால்வ் பாவம், அதைச் சுற்றியுள்ள பாகங்களைத் தேட வேண்டும். ஒரு வால்வைக் கழற்றியதும் மற்றதும் ஒளியிழந்தால் ஹீட்டர்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அங்கே இந்தச் சோதனை செல்லாது. மணி அடிப்பதுபோல் ரீங்காரமிட்டால் கண்ணாடியை மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் தட்டல் பலமாகக் கேட்கும் வால்வ் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வை மைக்போல எடுத்து ஒலிக்கிறது. எல்லா பிரீஆம்ப் வால்வும் லேசாகக் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

உள்ளே போவதற்கு முன் ஒன்று. அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளைக் கொல்லும். கிளிப் வயரில் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் சாசியோடு இணைத்து, அப்புறம் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அளக்காமல் விரலை வைக்கக் கூடாது. இதில் தயக்கம் இருந்தால் இத்தோடு நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

வாசிக்காமல் இருக்கும்போதே பொரிவதுபோலச் சத்தம் வந்தால், நான் முதலில் சந்தேகிப்பது பிரீஆம்ப் வால்வின் பிளேட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரை. பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக ஹிஸ்ஸும் பொரிவும் தரும். மெட்டல் ஃபிலிம் போட்டால் அடங்கும். வால்யூம் போன்ற குமிழின் பாட்டைத் (பொட்டென்ஷியோமீட்டர்) திருப்பும்போது கரகரத்தால் கிளீனர் அடித்துப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் பாட்டின் மீது டிசி இருக்கிறதா என்று அளங்கள். இருந்தால், அதற்கு முன்னால் சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது, பாட்டில் தப்பில்லை. படகு மோட்டார்போல் புட்புட் என்று அடித்தால், பிரீஆம்புக்குப் போகும் சப்ளையைத் தனியே பிரித்து வைக்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே மூடிவிடாதீர்கள். சில கோளாறுகள் பாகம் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அரைமணி நேரம் ஓடவிட்டு, ஆறாவது தந்தியை இன்னொரு முறை மீட்டிப் பக்கத்தில் நின்று கேளுங்கள். மெல்லிய ஹிஸ் மட்டும் மிச்சமிருந்தால் அது வால்வின் சொந்தக் குரல், அதை நான் தொடுவதில்லை.