ஒற்றை அறை வீட்டில் தினமும் கால் மணி நேரம் அமைதியாக ஜெபிக்க: நான் செய்யும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். அத்தை, மாமா, வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், நான் என ஆறு பேர். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6:6-ல் வாசிக்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும். இரண்டு வருடமாக ஒரு முறை பிடிபட்டிருக்கிறது. என்னைப் போல இடமும் நேரமும் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம்

கன்வென்ஷன் கூட்டங்களில் "நாலு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்று கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் முழங்காலில் இருந்தபடியே தூங்கிப்போனேன். அதனால், புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைத் தேடுங்கள்.

எங்கள் சந்தில் மெட்ரோ வாட்டர் ஐந்து மணிக்கு வரும். அடிபம்பில் எட்டுக் குடம் அடித்து முடிக்க ஐந்தே கால் ஆகிவிடும். அரிசியைக் களைந்து ஊறப்போட்டால், அடுப்பில் ஏற்றக் கால் மணி நேரம் இருக்கிறது. நான் நன்றாக முழித்திருக்கிறேன், வீடு தூங்குகிறது. முன்பெல்லாம் அந்த நேரம் போனோடு போய்க்கொண்டிருந்தது. உங்கள் இடைவெளி வேறு எங்காவது இருக்கும். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்ட பிறகோ, கடை திறக்கும் முன்போ. ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போனதைச் சொல்லும் மாற்கு முதல் அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில் நின்றது. காலையில் சீமோன் தேடிக்கொண்டு வந்துவிடுகிறான். அவருக்கும் நடுவில் ஓர் இடைவெளிதான் கிடைத்திருக்கிறது.

இடம்

சமையல்கட்டு வாசல்படி ஓரம் ஒரு கோரைப்பாய். தினமும் அதே இடம். தலையில் முக்காடு போட்டுவிட்டால் என்னைக் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது சின்னவளே "அம்மா முக்காடு போட்டிருக்காங்க" என்று அண்ணனை அடக்குகிறாள்.

சத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓடுகிற ஊரில் அது நடக்காது. தானியேல் மூன்று வேளையும் ஜெபித்தது பலகணிகள் (ஜன்னல்கள்) திறந்திருந்த மேலறையில்தான்.

தேவையானவை

அச்சுப் பைபிள். போனில் வேண்டவே வேண்டாம். சங்கீதம் வாசிக்கத்தான் திறப்பேன், மேலே ஸ்கூல் ஃபீஸ் மெசேஜ் வந்து நிற்கும், மனசு அங்கேயே போய்விடும். அலாரத்துக்கும் ஒரு டைம்பீஸ் வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒரு பென்சில். பைபிள் தாள் மெல்லியது, பேனா மை பின்பக்கம் தெரியும். கையகலத்தில் துண்டுச் சீட்டு ஒன்றும் வேண்டும், எதற்கென்று கீழே சொல்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பின் நடை புரியவில்லை என்றால், கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனப்பாடத்துக்குப் பழையது, புரிந்துகொள்ளப் புதியது.

வாசிப்பு

ஆதியாகமத்தில் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். நான் சொல்வது சங்கீதம் 119. மொத்தம் 176 வசனம். எபிரெய எழுத்துகள் 22-க்கும் எழுத்துக்கு 8 வசனமாகப் பிரித்தே எழுதப்பட்டது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, 22 நாள். அது முடிந்ததும் மாற்கு. முதல் தடவை சாதாரணமாக வாசியுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக. எந்த வார்த்தை பிடித்து நிறுத்துகிறதோ அதைப் பென்சிலால் கோடிட்டு அங்கேயே நில்லுங்கள்.

நான் தடுக்கி நின்ற படி: பேசாமல் இருப்பது

என் அம்மா ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்த ஜெபம்தான் என்னை வளர்த்தது. அதனாலேயே வாய் பேசாமல் உட்கார்ந்தால் தப்புச் செய்கிற மாதிரி இருக்கும். வரிசையாகக் கேட்டு முடித்து, நாலு நிமிடத்தில் ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வேத வாசிப்புக்கு நான்கு படிகள் எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், கடைசியாகத் தேவனுக்கு முன் அமர்ந்திருத்தல். முதல் மூன்றும் ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். நாலாவதை நான் கேள்விப்பட்டதே நாற்பது வயதில்.

பேசாமல் உட்கார்ந்ததும் வீட்டு வேலை எல்லாம் ஞாபகம் வரும். அதற்குத்தான் துண்டுச் சீட்டு. வந்ததை ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள், விரட்டாதீர்கள். ஒரு நாள் என் சீட்டில் இருந்தவை: "கேஸ் புக் பண்ண. சின்னவள் ஷூ. அக்கா மேல கோபம்." முதல் இரண்டும் வேலை. மூன்றாவதை எழுதிய பிறகுதான், ஒரு மாதமாக எல்லாவற்றுக்கும் ஜெபித்துவிட்டு அதை மட்டும் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றைக்கு வேறு எதையும் கேட்கவில்லை. அழுதேன்.

அப்புறமும் மனசு நிற்கவில்லை என்றால் லூக்கா 18:13-ல் வரும் ஆயக்காரனின் ஜெபம் போதும். "தேவனே" என்று மூச்சை இழுத்து, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று விடுங்கள், சத்தமில்லாமல். முதல் வாரம் இரண்டே நிமிடம். ஒரே நாளில் பத்து நிமிடத்துக்குப் போகாதீர்கள், சலித்துவிடும்.

காலை தவறிப்போனால்

தண்ணீர் வராத நாளில் எல்லாம் கலைந்துவிடும். அன்று வேலை முடிந்து மண்ணடியில் மெட்ரோ ஏறும் முன், அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் கத்தோலிக்கரின் அந்தோணியார் ஆலயத்தில் பத்து நிமிடம் உட்காருவேன். (ஆர்மீனியர் தெரு என்பதே நம் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆனது. 1772-ல் கட்டிய அவர்கள் ஆலயம் அதே தெருவில் இருக்கிறது.) நான் சி.எஸ்.ஐ. சபை, ஆனாலும் யாரும் எதுவும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

பின்சேர்க்கை

துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு சகோதரர், தான் வீடு திரும்பும்போது வீடே எழுந்து பரபரப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அண்ணா, காலையை விட்டுவிடுங்கள். மாலையில் தூங்கி எழுந்து முகம் கழுவியதும் உட்காருங்கள். உங்களுக்கு அதுதான் அதிகாலை.

கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தங்கை, பாயில் உட்காரவே முடியவில்லை என்று எழுதியிருந்தாள். உனக்குப் பாயும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் அம்மா. ஒரே ஒரு வசனத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, பால் கொடுக்க உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவை. ராத்திரி இரண்டு மணிக்கு நைட் லேம்ப் வெளிச்சத்தில் தெரிகிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்.