தெரியாத தேதியை எழுதாதீர்கள்: தடுப்புக்காவல் வாக்குமூலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வளசரவாக்கத்தில், எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் நான்காவது முறையாகக் கேட்டார்: “உங்கள் கணவரைக் கொண்டுபோன சரியான தேதியைச் சொல்லுங்கள் அம்மா.” அந்த அம்மா நான்கு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். “மகனுக்கு முதல் பல் முளைத்த நேரம், தம்பி.” மாணவர் பெருமூச்சு விட்டு, மகனின் பிறந்தநாளோடு ஆறு மாதத்தைக் கூட்டி, ஒரு தேதியைத் தாளில் எழுதிவிட்டார். பேனாவை வாங்கி அதை நான் அடித்தேன்.

அவர் மீது கோபமில்லை. இலங்கையில் விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டு, பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களின் வாக்குமூலங்களை 25 ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அதே தேதியை அதே மாதிரி நானும் எழுதியிருக்கிறேன். பெயரைத் தவறாக எழுதுவது, பக்க எண்ணை விடுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இங்கே சொல்ல வந்தவை வேறு.

தேதியை நீங்களே போடுவது

இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்த ஊரை நினைத்துப் பாருங்கள். எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவர் முன்னால் இருப்பார். அவர் தலையசைத்தால் அந்த ஆளைத் தனியே பிரித்து ஏற்றிக்கொண்டு போவார்கள். கண்ணைக் கட்டி ஏற்றப்பட்டவருக்கும் வாசலில் நின்று கதறியவருக்கும் அன்றைய தேதி எதற்கு? கோயில் திருவிழா, பிரசவம், மழை, பக்கத்து வீட்டில் விழுந்த ஷெல், இவற்றை வைத்துத்தான் காலம் அவர்கள் நினைவில் நிற்கிறது.

நான் தொடங்கிய புதிதில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். வவுனியாவில் சோதனைச் சாவடியில் பிடித்து, பல மாதம் வைத்திருந்து விட்டிருந்தார்கள். “நல்லூர்த் தேர் முடிந்து நான்காம் நாள்” என்றார். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, ஆகஸ்டில் ஒரு தேதியை அழகாகத் தட்டச்சு செய்தேன். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். அமாவாசையோடு தேரும் நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பிடிபட்ட ஆண்டில் தேர் செப்டம்பரில் வந்திருந்தது.

சிறையில் அவரைச் சந்தித்துப் பதிவுசெய்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சான்று பிறகு வந்தது. அதில் அவர் பிடிபட்ட நாள் சரியாக இருந்தது. இரண்டுக்கும் மூன்று வாரம் வித்தியாசம். அவருடைய புகலிட விண்ணப்பத்தைப் பரிசீலித்த வெளிநாட்டு அலுவலகம், இவர் சொல்வது நம்பத்தக்கதல்ல என்று எழுதி நிராகரித்தது. அந்த ஆகஸ்ட் தேதியை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னது நான். மேல்முறையீட்டில் அதை விளக்கி முடிக்க இரண்டு ஆண்டு ஆனது. அந்த இரண்டு ஆண்டும் அவர் மனைவி கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் தனியாக இருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

எனவே, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள்: “தேர் முடிந்து நான்காம் நாள் என்கிறார்.” அடுத்த வரியில், உங்கள் கணக்கு என்று தெளிவாகக் குறித்து, அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியை எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். பஞ்சாங்கம் கிடைக்காவிட்டால் “எதற்குப் பிறகு, எதற்கு முன்பு” என்று மட்டும் எழுதுங்கள். “ஏறத்தாழ” என்று எழுதியதால் கெட்டுப்போன மனு எதையும் நான் கண்டதில்லை.

அந்த அம்மாவிடம் தேதியை விட்டுவிட்டு, குழந்தையைப் பற்றிக் கேட்டேன். பிளாஸ்டிக் பைக்குள் நான்காக மடித்த தடுப்பூசி அட்டையை எடுத்தார். மடிப்புகள் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்: “இந்தச் சின்னமுத்து (தட்டம்மை) ஊசிக்கு நான் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு முந்தின ஊசிக்கு அவர்தான் கொண்டுபோனார்.” இரண்டு ஊசிக்கும் அட்டையில் தேதி இருந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தைத்தான் எழுதினோம்.

எந்தச் சட்டம் என்று ஊகிப்பது

எல்லாவற்றையும் இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் 9ஆம் பிரிவில் அமைச்சரின் ஆணையால் மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம்வரை வைத்திருக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. ஆனால் போர்க்காலத்தில் அவசரகால விதிகளின் கீழ் அடைக்கப்பட்டவர்களும் ஏராளம். 2009இல் சரணடைந்த ஆயிரக்கணக்கானோரைப் “புனர்வாழ்வு” என்ற பெயரில் வைத்திருந்தார்கள். ஆணைத்தாளைக் கண்ணால் பார்க்காமல் சட்டத்தின் பெயரை எழுத வேண்டாம்.

“கைது” என்று திருத்துவது

“பிடித்துக்கொண்டு போனார்கள்” என்றால் அப்படியே எழுதுங்கள். சீருடை இருந்ததா, வாகனம் எது, வீட்டாருக்குத் துண்டுச்சீட்டு ஏதும் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஆள்கடத்தலுக்குப் பேர்போன வெள்ளை வேனில் ஏற்றிப் போனதைக் கைது என்று எழுதினால் அது சட்டப்படி நடந்தது என்று நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். அவர் “விளக்கமறியல்” (நீதிமன்றக் காவல்) என்றால் அதையும் நம் ஊர்ச் சொல்லாக மாற்றாதீர்கள்.

நம் ஊர்ச் சட்டத்தை அங்கே பொருத்துவது

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நம் சாதாரணச் சட்டப்படி செல்லாது. இதை மனப்பாடம் செய்த மாணவர்கள் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் தாண்டிவிடுகிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிவுசெய்த ஒப்புதல் செல்லும். அது மிரட்டி வாங்கியது என்று காட்டும் சுமை கைதியின் தலையில். எந்த மொழியில் எழுதியிருந்தது, யார் வாசித்துக் காட்டினார்கள், எங்கே வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். நான்காம் மாடி, அதாவது சித்திரவதைக்குப் பேர்போன கொழும்புக் குற்றப் புலனாய்வுத் தலைமையகம், என்று பதில் வந்தால் அவசரப்படாதீர்கள். தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள்.

இங்கே கழிந்த காலத்தை விடுவது

செங்கல்பட்டு, பூந்தமல்லி சிறப்பு முகாம்களில் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டிருந்தவர்கள் உண்டு. சங்கடமாக இருக்கிறது என்று அதைத் தவிர்க்கிறோம். எழுதுங்கள்.

உறவினரை உடன் வைத்துக்கொள்வது

கூடாது. மகன் முன்னால் அப்பா சொல்லமாட்டார்.

அசல் ஆவணத்தை வாங்கி வைப்பது

ஒருபோதும் வேண்டாம். நகல் எடுத்து அந்த நிமிடமே திருப்பிக் கொடுங்கள்.

வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது

சிங்களத்தில் எழுதிய தாளில் வாசிக்காமல் கையெழுத்திட்டவர்கள் இவர்கள். நம் தாளிலும் அப்படியே இடுவார்கள், மறுக்கமாட்டார்கள். எனவே முழுவதையும் உரக்க வாசியுங்கள். அன்று மாணவர் வாசித்தபோது அந்த அம்மா ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். முதல் இரவு கணவரை வைத்திருந்த இடத்தை மாணவர் “இராணுவ முகாம்” என்று எழுதியிருந்தார். “முகாம் இல்லை, தம்பி. அது அவர் படித்த பள்ளிக்கூடம்” என்றார்.