வெளிநாட்டுப் போலிஷ் சமூகங்களுக்குப் பெயரிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்துக்கு வெளியே வாழும் போலிஷ் மக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் வந்து விழும் சொல் ‘புலம்பெயர்ந்தோர்’. சிகாகோவுக்கும் பிரேசிலின் குரிச்சிபாவுக்கும் அது பொருந்தும். அங்கே இருப்பவர்களின் முன்னோர் கப்பலேறிப் போனவர்கள். ஆனால் லிதுவேனியாவின் வில்னியஸ் வட்டாரத்துக்கு அது சரிவராது. அங்குள்ள போலிஷ் குடும்பங்களில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே இருந்தன, எல்லைதான் நகர்ந்தது.

செக் நாட்டில், ஓல்சா ஆற்றின் மேற்குக் கரையில் 1910இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது அது ஆஸ்திரியா-ஹங்கேரி. 1920இல் செக்கோஸ்லோவாக்கியா, 1938இல் போலந்து, அடுத்த ஆண்டே நாஜி ஜெர்மனி, 1945இல் மறுபடி செக்கோஸ்லோவாக்கியா. மனிதர் வீடுகூட மாறவில்லை! இவர் எங்கிருந்து எங்கே புலம்பெயர்ந்தார்? போலந்தில் இதைப் பிரித்தே சொல்கிறார்கள். குடியேறிப் போனவர்களும் அவர்கள் வாரிசுகளும் ‘பொலோனியா’. அந்தச் சொல்லுக்குள் அடங்காதவர்களுக்காக, ‘பொலோனியாவும் வெளிநாட்டில் வாழும் போலிஷ் மக்களும்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கம்.

அதே கரையின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஸாஓல்ஜே’ என்றால் ஓல்சாவுக்கு அப்பால். அது போலந்துப் பக்கம் நின்று பார்ப்பவர் வைத்த பெயர். செக் காதுக்கு அந்தப் பகுதி போலந்தின் கைக்குப் போன 1938ஐ நினைவுபடுத்தும். தலைப்பில் ‘செக் நாட்டுப் போலிஷ் மக்கள்’ என்று போட்டுவிட்டு, ஸாஓல்ஜேயைக் கட்டுரைக்குள் விளக்கத்தோடு பயன்படுத்துவதே நல்லது.

‘போலந்து நாட்டவர்’ என்பது அடுத்த தவறு. 2021 கணக்கெடுப்பின்படி லிதுவேனியாவில் போலிஷ் இனத்தவர் சுமார் 1.83 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் லிதுவேனியக் குடிமக்கள். போலிஷ் இனத்தவர் என்று சான்றளித்து 2007 சட்டப்படி போலந்து வழங்கும் ‘போலிஷ் அட்டை’ சிலரிடம் இருக்கும். அதுவும் குடியுரிமை ஆகாது.

அப்புறம் ‘சிறுபான்மை’. எண்ணிக்கையில் குறைவு என்ற பொருளில் சொன்னால் தப்பில்லை. சட்டப் பொருளில் சொல்வதானால் நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும். ஜெர்மனி தேசியச் சிறுபான்மையாக ஏற்றிருப்பது டேனிஷ், சோர்பிய, ஃபிரீசிய மக்களையும் சிந்தி-ரோமா மக்களையும்தான். 1991 ஜெர்மனி-போலந்து ஒப்பந்தமே போலந்திலுள்ள ஜெர்மானியரைச் ‘சிறுபான்மை’ என்கிறது. ஜெர்மனியிலுள்ள போலிஷ் மக்களையோ ‘போலிஷ் வம்சாவளியினர் அல்லது போலிஷ் மொழி, பண்பாடு, மரபைத் தமதாகக் கொண்ட ஜெர்மன் குடிமக்கள்’ என்று சுற்றி வளைத்துச் சொல்கிறது. எனவே ‘ஜெர்மனியின் போலிஷ் சிறுபான்மை’ என்ற தலைப்பு ஒரு தரப்பின் கோரிக்கையை முடிந்த முடிவாக்கிவிடும்.

அமைப்பின் பெயரைச் சமூகத்தின் பெயராக்குவதிலும் கவனம் வேண்டும். பெலாரஸின் போலிஷ் சங்கம் 2005இல் உடைந்தது. ஒன்றை மின்ஸ்க், அதாவது பெலாரஸ் அரசு ஏற்றது, மற்றொன்றை வார்சா, அதாவது போலந்து அரசு ஏற்றது, இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எந்தச் சங்கம் என்று எழுதாவிட்டால், அங்கே யார் கைதானார், யார் கைதட்டினார் என்பதே வாசகருக்குக் குழம்பிப்போகும்.