வேர்ட்பிரஸ் தீமில் பக்கத் தலைப்பை மாற்றுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி என்று ஏரியா வாரியாகப் பிரித்து வடசென்னையைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காசிமேடு பகுதியைத் திறந்தால் உச்சியில் 'கேட்டகரி: காசிமேடு' என்று நிற்கும். மீன் ஏலத்தைப் பற்றிப் படிக்க வந்தவருக்கு அந்த முன்சொல்லால் ஒரு பயனும் இல்லை. அதை எடுப்பதற்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் நிதானம் போதும்.

கோடில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பிஎச்பி ஃபங்ஷன் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும், தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் சிறுகோடு வரும்.

படி 1: உங்கள் தீம் எந்த வகை?

டேஷ்போர்டில் 'அப்பியரன்ஸ்' மெனுவைத் திறங்கள். அங்கே 'எடிட்டர்' என்று மட்டும் இருந்தால் அது பிளாக் தீம், 2022ல் வந்த 5.9 பதிப்பிலிருந்து இருக்கும் வகை. எடிட்டருக்குள் ஆர்க்கைவ் (பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் பக்கம்) டெம்ப்ளேட்டைத் திறந்து தலைப்பு பிளாக்கைத் தொட்டால், பக்கவாட்டில் ஆர்க்கைவ் வகையைத் தலைப்பில் காட்டும் சுவிட்ச் இருக்கும். அணைத்துவிட்டு நேரே படி 5க்குப் போய்விடுங்கள். 'கஸ்டமைஸ்' இருந்தால் பழைய கிளாசிக் தீம். அடுத்து வருவதெல்லாம் அதற்குத்தான்.

படி 2: சைல்ட் தீம்

உங்கள் தீமை (தாய் தீம்) சார்ந்து நின்று, நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைத்திருக்கும் துணை தீம்தான் இது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். தீமின் கோப்பில் நேரடியாகக் கை வைத்தால், அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை முழுக்க அழிந்துவிடும்.

ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் தீம்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டர் போடுங்கள். அதில் ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ், ஃபங்ஷன்ஸ் டாட் பிஎச்பி என்று இரண்டு கோப்புகள். முதல் கோப்பின் மேலே, கமென்ட் குறிகளுக்குள் 'தீம் நேம்:' என்று ஒரு வரி, 'டெம்ப்ளேட்:' என்று ஒரு வரி. டெம்ப்ளேட் வரியில் தாய் தீமின் ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். இரண்டாவது கோப்பில் இப்போதைக்கு பிஎச்பியின் தொடக்கக் குறி போதும், ஆனால் சில தீம்களில் தாய் தீமின் ஸ்டைல் கோப்பையும் இங்கிருந்து கூப்பிட வேண்டியிருக்கும். ஆக்டிவேட் செய்ததும் மெனுவும் லோகோவும் காணாமல் போகலாம், பயப்பட வேண்டாம். அவற்றைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.

படி 3: முன்சொல்லை எடுப்பது

ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒரே வரி. 'ஆட் ஃபில்ட்டர்' என்று எழுதி அடைப்புக்குள் இரண்டு பெயர்களை, தனித்தனி மேற்கோளில், நடுவே காற்புள்ளியுடன் கொடுங்கள். முதலாவது 'கெட் தி ஆர்க்கைவ் டைட்டில் பிரிஃபிக்ஸ்'. இரண்டாவது 'ரிட்டர்ன் எம்ப்டி ஸ்ட்ரிங்', இதற்கு முன்னால் இரண்டு அடிக்கோடு உண்டு. கடைசியில் அரைப்புள்ளி. 2020ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இது வேலை செய்யும். சேமித்துப் பார்த்தால் 'காசிமேடு' மட்டும் நிற்கும்.

முன்சொல் நமக்குப் பிடித்த மாதிரி 'ஏரியா: காசிமேடு' என்று வர வேண்டுமா? தாய் தீமின் ஆர்க்கைவ் டாட் பிஎச்பியை சைல்ட் தீமுக்குள் நகலெடுத்து, கேட்டகரி டாட் பிஎச்பி என்று பெயர் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் கேட்டகரி பக்கத்துக்கு ஆர்க்கைவுக்கு முன்பே அந்தப் பெயரைத் தேடும், அது இல்லாவிட்டால்தான் ஆர்க்கைவுக்குப் போகும். அதனால் டேக், தேதிப் பக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே 'தி ஆர்க்கைவ் டைட்டில்' இருக்கும் வரியைப் பாருங்கள். அதன் அடைப்புக்குள் எச்1 டேக் (முதன்மைத் தலைப்புக்கான எச்டிஎம்எல் குறி) எழுதியிருந்தால், அந்த டேக்கை வெளியே எடுத்து முன்னும் பின்னும் வையுங்கள். அப்புறம் ஃபங்ஷனை 'சிங்கிள் கேட் டைட்டில்' என்று மாற்றி, அடைப்புக்குள் மேற்கோளில் 'ஏரியா: ' என்று தமிழிலேயே எழுதலாம்.

படி 4: தனிப் பக்கங்கள்

'எங்களைப் பற்றி' போன்ற பக்கத்தின் தலைப்பைத் தேடி பேஜ் டாட் பிஎச்பியைத் திறந்தால் பல தீம்களில் அது அங்கே இருக்காது. 'கெட் டெம்ப்ளேட் பார்ட்' என்ற வரி எந்தக் கோப்பைக் கூப்பிடுகிறதோ, அதற்குள்தான் 'தி டைட்டில்' இருக்கும். அந்தக் கோப்பையும் அதே ஃபோல்டர் அமைப்போடு நகலெடுத்து மாற்றுங்கள். எச்1 டேக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதை வைத்துத்தான் பக்கத்தின் தலைப்பைக் கண்டுபிடிக்கிறது.

படி 5: தமிழுக்கு ஏற்ற அளவுகள்

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பெரும்பாலான தீம்களின் தலைப்பு ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தது. லைன் ஹைட் (வரி உயரம்) 1.1 என்று இருந்தால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'ணீ' மேல் முட்டும். 1.4 வையுங்கள். லெட்டர் ஸ்பேசிங் (எழுத்து இடைவெளி) மைனஸில் இருந்தால் எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்தது நம்ம ஏரியா பெயர்களின் நீளம். 'புதுவண்ணாரப்பேட்டை', 'கொருக்குப்பேட்டை' எல்லாம் பெரிய எழுத்தில் போன் திரையை விட்டு வெளியே ஓடும். ஓவர்ஃப்ளோ ராப் என்பதற்கு 'பிரேக் வேர்ட்' கொடுத்தால் சொல் உடைந்து உள்ளே நிற்கும். ஆனால் உடைந்த ஊர்ப் பெயர் கண்ணை உறுத்தும். முதலில் போனுக்கு மட்டும் எழுத்தளவைக் குறைத்துப் பாருங்கள்.

இவற்றை 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டியில் (கிளாசிக் தீமில் 'கஸ்டமைஸ்'க்குள், பிளாக் தீமில் எடிட்டரின் 'ஸ்டைல்ஸ்'க்குள்) எச்1க்கு எழுதினால் போதும். அந்தப் பெட்டி தீமுக்குத் தீம் தனித்தனி, அதனால் கிளாசிக் தீம் என்றால் சைல்ட் தீமை ஆக்டிவேட் செய்த பிறகே எழுதுங்கள்.

எல்லாம் செய்தும் பழைய தலைப்பே தெரிந்தால், பக்கத்தின் பழைய நகலைச் சேமித்து வைத்திருக்கும் கேச் பிளகினைக் காலி செய்யுங்கள். பக்கம் வெள்ளையாக நின்றால் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒரு மேற்கோளோ அரைப்புள்ளியோ விட்டுப்போயிருக்கும். ஃபைல் மேனேஜரில் அந்த வரியை நீக்கினால் தளம் திரும்ப வந்துவிடும்.